வெள்ளிக்கிழமை அறுக்காத நூல்

உடுப்பிட்டியில் ஒரு வீட்டின் சாமியறை ஆணியில் கொழுவியிருந்த கறுத்த நூற்கட்டை, வடமராட்சியைக் கடந்து, வன்னிப் பெருவெளியைக் கடந்து, கொழும்பைக் கடந்து, அதற்கும் அப்பால் கடல்களையும் மணற்காடுகளையும் உறைபனி நிலங்களையும் கடந்து, ரொறன்ரோ மாநகரில் ஒரு தொடர்மாடி வீட்டின் கதவிடுக்கு வரைக்கும் அவிழ்ந்து சென்ற வரலாறு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், குழந்தையொன்றைக் குளிக்கவார்த்துத் தலைதுவட்டிய ஈரக் கையோடு தொடங்கியது.

குழந்தையின் பெயர் மிதுசா. இரண்டு வயது நிரம்ப இன்னும் சில வாரங்கள் இருந்தன. துவட்டியவள் சுகிர்தமலர், குழந்தையைப் பெற்றவளுக்குத் தமக்கை. கலியாணப் பேச்சு அந்த வீட்டு வாசலுக்குப் பலமுறை வந்து, ஒவ்வொரு முறையும் செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போய்விட்டதன் பின், அதைக் குறித்து நினைப்பதையும் விட்டுவிட்டுத் தையல் இயந்திரத்தின் முன்னே அமர்ந்துவிட்டவள் அவள்.

தங்கை வசந்தரூபிக்குக் கனடா விசா வந்தபோது மிதுசா ஐந்து மாதக் குழந்தை. தாய்க்கு வந்தது, பிள்ளைக்கு வரவில்லை; ஏன் வரவில்லை என்று காரணம் சொல்லத் தெரிந்தவர் இலங்கையிலும் இல்லை, கனடாவிலும் இல்லை. குறித்த காலத்துக்குள் புறப்படாவிட்டால் வந்த விசாவும் கைவிட்டுப் போகும் என்றார்கள். ஒரு மாதத்தில் பிள்ளையின் அலுவலும் சரிவந்துவிடும் என்றார்கள். அங்கே கணவன் குகநேசனும் அதையே சொன்னான். ரூபி போனாள். கட்டுநாயக்கா விமானநிலையத்தில், கண்ணாடிக் கதவுக்கு உட்புறம் நின்று திரும்பிக் கையசைத்தபோது அவளுடைய சட்டையின் முன்புறம் பாலால் நனைந்திருந்ததையும், அந்த நனைவை அவள் கடவுச்சீட்டால் மறைத்துக்கொண்டதையும் சுகிர்தம் கண்டாள்; கண்டதை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு மாதம் என்றது நீண்டது; மாரி வந்து போயிற்று, பனங்கிழங்கு வந்து போயிற்று, மாம்பழம் வந்து போயிற்று; பிள்ளைக்குப் பல் முளைத்து, நடை வந்து, பேச்சும் வந்தது. வந்த பேச்சில் சுகிர்தத்துக்குப் 'பெம்மா' என்று பெயராயிற்று. பெரியம்மா என்பதில் அந்தச் சின்ன வாய் கொண்டது அவ்வளவுதான்.

கடைசியில் பிள்ளைக்கும் விசா வந்தது. கூட்டிச் சென்று தாயிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வருவதற்கு என்று சுகிர்தத்துக்கும் ஒரு விசா கிடைத்தது. 'திரும்பி வருவதற்கு' என்பதை விசாக் கொடுத்தவர்கள் அழுத்திச் சொன்னார்கள். அவர்கள் அழுத்தியிராவிட்டாலும் அந்தச் சொல் அவளுக்குப் போதிய பாரமாகவே இருந்திருக்கும்.

புறப்படும் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. பிள்ளையைக் குளிக்கவார்த்தபோது இடுப்பிலிருந்த பழைய அரைஞாண் நைந்து கையோடு வந்துவிட்டது. வெறும் இடுப்போடு பிள்ளையை நெடும்பயணம் கொண்டுபோகச் சுகிர்தத்துக்கு மனம் வரவில்லை. சாமியறை ஆணியில் தொங்கிய நூற்கட்டையிலிருந்து நூலை இழுத்து, முறுக்கி, மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிட்டாள். ஆனால் அறுக்கவில்லை. வெள்ளிக்கிழமையில் அந்த வீட்டில் கத்தரிக்கோல் எடுப்பதில்லை. அவளுடைய தாய் உயிரோடு இருந்த காலத்திலிருந்து, தையற்காரியான அவளுமே வெள்ளிதோறும் கத்தரிக்கோலை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள். பல்லால் கடித்து அறுக்கலாம் என்றால், பிள்ளையின் இடுப்பு நூலில் பல் படுவது அதனிலும் பெரிய தோசம். பொழுது படட்டும், வெள்ளி கழிந்ததும் அறுப்போம் என்று விட்டாள். பொழுது படுவதற்கு முன்னமே விமானநிலையத்துக்குப் போகும் வான் வந்து படலையில் நின்று கோண் அடித்தது, பெட்டி, பால்மா, பனங்காய்ப் பணியாரம், கடவுச்சீட்டு, கோழிகளுக்குச் சொல்ல வேண்டிய சொல், எல்லாம் ஒரே நேரத்தில் வந்து தலைமேல் ஏறின, நூல் மறந்துபோயிற்று.

ஆனையிறவு தாண்டியபோதுதான் வான்காரப் பெடியன் பின்பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தபடி வாயைத் திறந்தான்.

"அக்கா, கதவுக்குள்ளாலை ஒரு நூல் போகுது, கவனிச்சியளோ?"

"எங்கையிருந்து தம்பி?"

"உங்கட வீட்டிலையிருந்துதான். முகமாலையிலையே கண்டனான். சொன்னால் வானைத் திருப்பச் சொல்லுவியள் எண்டு பேசாமல் இருந்திட்டன்."

சுகிர்தம் திரும்பிப் பார்த்தாள். மாலை வெயிலில், உப்பளங்களின் மேலாக, மயிரிழை போலக் கறுத்து மினுங்கி, வந்த வழியெல்லாம் நூல் நீண்டு கிடந்தது. உடனே, வீட்டுத் திறப்பை ஒப்படைத்துவிட்டு வந்த அயல்வீட்டுக் கனகமணிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, சாமியறையிலை நூற்கட்டை கிடக்கோ, ஒருக்காப் பாருங்கோ."

"கிடக்குதடி. கிடக்கிறதென்ன, ராட்டினம் மாதிரிச் சுத்துது. முடியிற நோக்கம் காணேல்லை. கோழியளின்ரை காலிலை சிக்குது எண்டு நான் சன்னலாலை உயர்த்தி ஒழுங்கைக்கு விட்டிருக்கிறன்."

"அறுத்து விடுங்கோவன்."

"வெள்ளிக்கிழமையிலையோ? உனக்கென்ன விசரே? கொம்மா இருந்திருந்தால் இந்தக் கதைக்கு உன்ரை வாயிலை சுட்டிருப்பா."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு நீங்கள் ஆகாயத்திலை நிப்பியள். ஆகாயத்திலை நிக்கிற பிள்ளையின்ரை நூலை ஆரும் அறுப்பினமோ? வை போனை. நான் எண்ணெய் விட்டு ஆணியைச் சுத்த விடுறன், அறாமல் போகட்டும்."

இவ்வாறாகக் கனகமணி நூலுக்குப் பொறுப்பேற்றாள்.

விமானநிலையத்தில் ஒருவரும் அதிர்ச்சி அடையவில்லை. வரிசையில் நின்றவர்கள், கொடியில் காயும் சேலைக்குக் கீழே குனிந்து போகிறவர்களைப் போல, நூலை ஒரு விரலால் உயர்த்திக்கொண்டு குனிந்து போனார்கள். சோதனை செய்கிற அதிகாரி நூலை விரல்களுக்கிடையே ஓடவிட்டுப் பார்த்து, கொண்டுபோகக் கூடாத பொருள்களில் நூல் சேராது என்று முடிவு சொன்னார். அறுத்துவிட ஏதாவது தருவீர்களா என்று சுகிர்தம் கேட்டதற்கு, தம்மிடம் கூடைகூடையாகக் கத்தரிக்கோல் உண்டென்றும், அவையெல்லாம் பறித்து வைப்பதற்கானவையே தவிரப் பாவிப்பதற்கானவை அல்லவென்றும் பணிவோடு விளக்கினார். விமானத்தின் கதவை நூலின் மேலேயே சாத்தினார்கள். கதவிடுக்கில் அது ஒரு நுளம்பின் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது.

மணல்நகரம் ஒன்றில் இறங்கி வேறு விமானம் மாறினார்கள், நூலும் மாறியது. அந்த இரண்டாவது விமானம்தான் நெடிய விமானம். முடிவில்லாதது போல் நீண்ட ஒரே பகலாக, சூரியனைத் துரத்திக்கொண்டு மேற்கே போவது அது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு விமானத்தில் இருக்கை இல்லை, மடிதான் இருக்கை. அந்த மடியில் மிதுசா இருக்க மறுத்தாள். மேலே ஏறும்போது காது அடைத்து வீரிட்டாள். அடைப்பு நீங்கியதும் முன்னிருக்கையை உதைத்தாள். தட்டை இறக்கினாள், ஏற்றினாள், இறக்கினாள். கொடுத்த கரண்டியை எறிந்தாள், எடுத்துக் கொடுத்தவரின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினாள். சன்னலுக்கு வெளியே கோழி இல்லாததைக் கண்டு "கோக்கோ, கோக்கோ" என்று அழுதாள். பிறகு, நடைவழியில் இறக்கிவிடுமாறு உடம்பை வில்லாக வளைத்தாள். இறக்கிவிட்டதும் ஓடினாள். அவள் ஓடிய வழியெல்லாம் நூலும் ஓடிற்று. இந்த இருக்கையின் காலைச் சுற்றி, அந்த இருக்கையின் கைப்பிடியைச் சுற்றி, நித்திரை கொள்கிறவரின் கழுத்துக்குக் கீழாக, படம் பார்க்கிறவரின் முகத்துக்கு முன்னாக, முன்னாலிருந்து பின்னுக்கும் பின்னாலிருந்து முன்னுக்கும் அவள் ஓடியோடி, நூலோட்டம் போடுகிற கைபோல, அந்த விமானத்திலிருந்த அத்தனை பேரையும் ஒருவரோடொருவர் வைத்துத் தைத்துவிட்டாள்.

முதலில் முகஞ்சுளித்தார்கள். சிலர் மணியடித்துப் பணிப்பெண்ணை அழைத்தார்கள். வந்த பணிப்பெண்ணும் நூலில் மாட்டிக்கொண்டாள். பிறகு, வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாத நெடும்பகலாகையால், எல்லோருமாகச் சேர்ந்து சிக்கெடுத்தார்கள். ஒருவர் கையை மற்றவர் தூக்க வேண்டியிருந்தது. ஒருவர் மடியை மற்றவர் கடக்க வேண்டியிருந்தது. அதனால் பெயர் கேட்டுக்கொண்டார்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்பதை மட்டும் எவரும் உடனே கேட்கவில்லை. சிக்கெடுத்து முடிந்தபோது நூலை நடைவழியின் ஓரமாக, இருக்கைக் கைப்பிடிகளின் மேலாக, ஒழுங்காக ஓடவிட்டார்கள். நூலைத் தாண்டுகிறவர்கள் காலைக் கவனிக்குமாறு ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்தது. ஒரு தாய் தன் பிள்ளையின் கழுவிய சட்டையை அதிலே காயப்போட்டாள்; அடுத்து ஒருவர் தமது கைலேஞ்சியைப் போட்டார்.

கைலேஞ்சி போட்டவர், நடைவழிக்கு அப்புறம் இருந்த பொன்னுத்துரை என்னும் பெரியவர். முப்பது வருடமாக ஸ்காபரோவில் இருப்பவர். தமையனின் செத்தவீட்டுக்குப் போய், எரித்து, காடாற்றி, வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறார்.

"தங்கச்சி, எந்த இடம்?"

"உடுப்பிட்டி."

"நான் பக்கத்து ஊர், இமையாணன். உந்த நூல் எந்தப் பக்கத்தாலை வெளிக்கிட்டது?"

"ஒழுங்கையாலை இறங்கி, வாசிகசாலையைத் தாண்டி, பெரிய றோட்டிலை ஏறினது."

"அப்ப எங்கட படலையை உரஞ்சிக்கொண்டுதான் போகுது" என்றார் அவர். பிறகு, சுவாமிப் படத்தைத் தொடுகிறவர்போல் நூலில் ஒரு விரலை வைத்தார். "படலைச் சங்கிலி கிலுங்குது, தங்கச்சி. ஆரோ வருகினம் எண்டு நினைச்சு நாய் குரைக்குது."

அது உண்மைதான். விரலை வைத்தால் தெரியும். கோழி கிளறுவதும், கனகமணியின் விளக்குமாறும், கிணற்றுக் கப்பியும், எல்லாம் அந்த நூலில் மெல்லிய அதிர்வாக ஓடி வந்தன. செய்தி வரிசை வரிசையாகப் பரவிற்று. நூலைத் தொடாதிருந்தவர்களும் தொட்டார்கள். அவர்களில் தமிழர் சிலர்தான். மற்றவர்கள் எந்தெந்த நாட்டவரோ. ஆயினும் நூல் ஒருவரையும் யாரென்று கேட்கவில்லை. முண்டாசு கட்டிய ஒரு முதியவர் கோதுமை வயலின் பம்பு இரைகிறது என்று அருகிலிருந்த பேரனுக்குச் சொன்னார். வேறு எவருடைய பிள்ளைகளையோ வளர்ப்பதற்காகத் தன் பிள்ளைகளை விட்டுப் போகும் ஒரு இளம்பெண் நூலைக் காதோடு வைத்துக்கொண்டு, வைத்த கையை எடுக்கவேயில்லை.

மிதுசா ஓடிக் களைத்து, சுகிர்தத்தின் மடியில் வந்து விழுந்து, அவளுடைய சட்டையின் பொத்தானைத் திருகியபடியே நித்திரையானாள். நித்திரையானதும் அந்தப் பிள்ளையின் பாரம் இரட்டித்தது. வேர்த்த தலையின் மணம் எழுந்தது. சுகிர்தம் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டின் மேலாக நூல் ஓடிக்கொண்டிருந்தது. தையற்காரியின் பழக்கதோசத்தில், ஊசியில் கோத்த நூலின் இறுக்கம் பார்க்கிறவள்போல, வேறு நினைவின்றி அதை ஒரு சுண்டு சுண்டினாள்.

விமானம் தயங்கியது.

கோப்பைகளில் தேநீர் ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. முன்னிருக்கையின் முதுகிலிருந்த சிறு திரையில், கடலின் மேல் நகர்ந்துகொண்டிருந்த வெள்ளை விமானப் படம் ஒரு நெல்லளவு பின்னுக்கு வந்தது. சுகிர்தம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை தெரிந்தே, நூலைச் சற்று இழுத்தாள். படம் இன்னும் ஒரு நெல்லளவு பின்னுக்கு வந்தது.

பணிப்பெண் வந்து குனிந்து நின்றாள். நூலைக் கொஞ்சம் மெதுவாகப் பிடிக்க முடியுமா என்று கப்டன் கேட்கச் சொன்னதாகச் சொன்னாள். கட்டளை அல்ல, வேண்டுகோள்தான் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டுப் போகாமல், அவளும் நூலின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் சுகிர்தத்துக்கு அது முழுவதும் விளங்கிற்று. ஒருமுறை, பலமாக, இரு கையாலும் இழுத்தால் போதும். இந்தப் பென்னம்பெரிய இரும்பு, குஞ்சைக் கூப்பிட்ட கோழிபோலத் திரும்பி, கடலையும் மணலையும் மறுபடி கடந்து, உடுப்பிட்டி ஒழுங்கையில் போய் நிற்கும். பிள்ளை தன் தலையணையில் தன் மூத்திர மணத்தோடு கண்விழிக்கும். 'பெம்மா, கோக்கோ' என்று கையைப் பிடித்து இழுக்கும். ஒப்படைக்க வேண்டியதில்லை. வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. யாரும் குற்றம் சொல்ல முடியாது. நூல் இழுத்துவிட்டது என்றால் நூல் இழுத்துவிட்டதுதானே.

"தங்கச்சி" என்றார் பொன்னுத்துரை, குரலைத் தாழ்த்தி. "இழுக்கிறதெண்டால் இழுங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"எல்லாருக்கும் அங்கை போகவேண்டிக் கிடக்குமெல்லோ, அண்ணை."

"ஆர் சொன்னது? உங்கை திரும்பிப் பாருங்கோ."

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னே, விமானத்தின் வால்வரைக்கும், இருமருங்கிலும், எல்லோரும் நூலின் மேல் கைவைத்திருந்தார்கள். இழு என்று ஒருவரும் சொல்லவில்லை, இழுக்காதே என்றும் சொல்லவில்லை. முண்டாசு கட்டியவர் கண்ணை மூடியிருந்தார். அந்த இளம்பெண் மட்டும் சுகிர்தத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுகிர்தம் நூலை விரல்களில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். கையை இறுக்கினாள். இறுக்கிய கணத்தில், அவள் நினையாமலே, கட்டுநாயக்காவின் கண்ணாடிக் கதவு அவள் முன்னே வந்து நின்றது. கதவுக்கு உள்ளே தங்கை நின்றாள். மார்பின் நனைவை மறைத்துக் கடவுச்சீட்டைப் பிடித்திருந்தாள். ஒரு மாதத்துக்கு என்று அப்படிப் பிடித்தவள், இன்னும், இவ்வளவு காலமாக, அந்தக் கையை இறக்காமலே பிடித்திருந்தாள்.

சுகிர்தம் ஒரு சுற்றை அவிழ்த்தாள். பிறகு மற்றச் சுற்றையும் அவிழ்த்தாள். கையை நூலிலிருந்து எடுத்து, நித்திரையாய்க் கிடந்த பிள்ளையின் முதுகின் மேல் வைத்தாள்.

விமானம் முழுவதிலும் ஒரு நெடுமூச்சு எழுந்து அடங்கிற்று. பொன்னுத்துரை காய்ந்துபோன தமது கைலேஞ்சியை எடுத்து மடித்து, மடித்ததை மறுபடி விரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரையில் வெள்ளை விமானம் முன்னோக்கி நகர்ந்தது. அதன்பின் அந்த நூலை எவரும் தொடவில்லை. தொட்டால் தம்மையறியாமல் இழுத்துவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

ரொறன்ரோவில் இறங்கியபோது அதே சனிக்கிழமைதான் இன்னும் முடியாமல் இருந்தது. ரூபி தடித்த குளிர்ச்சட்டைக்குள் நின்றாள். பக்கத்தில் குகநேசன், கையில் ஒரு துணிக்கரடி. பிள்ளை அவர்களைப் பார்த்தது. திரும்பிப் பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கட்டிய கையை விடுவிக்க முயன்றபோது, அந்த மண்டபமே நடுங்கும்படி "பெம்மா" என்று கத்திற்று.

"விடுங்கோ அக்கா, இழுக்காதையுங்கோ" என்றாள் ரூபி. "எனக்குத் தெரியும், அவ என்னட்டை வரமாட்டா. நான் ஆர் அவவுக்கு?" அப்போதுதான் அவளுடைய கண் நூலில் பட்டது. "இதென்ன, இன்னும் அறுக்கேல்லையே?"

"வெள்ளிக்கிழமையெல்லோ கட்டினனான்" என்றாள் சுகிர்தம்.

ரூபி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. தரையில் குந்தியிருந்து, பிள்ளையைத் தொடாமல், நூலை மட்டும் இரு விரலால் எடுத்து மெல்லச் சுண்டினாள். இடுப்பில் ஏதோ அசைந்ததை உணர்ந்து பிள்ளை அழுகையை நிறுத்திற்று. ரூபி மறுபடி சுண்டினாள். பிள்ளை கழுத்தைத் திருப்பி, நூலின் வழியே கண்ணை ஓட்டி, நூலைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தது. பிறகு விரல்களுக்கு உரியவளின் முகத்தைப் பார்த்தது. தாயும் மகளும் அறிமுகமானது அப்படித்தான்.

அந்தப் பனிக்காலம் முழுவதும் சுகிர்தம் அங்கே இருந்தாள். நூலுக்காகக் கட்டடக் காவலாளி கதவில் ஒரு துளை போட்டுக் கொடுத்தான். பனி கொட்டிய நாள்களில் வெளியே நூலின் மேல் வெள்ளைக் கோடாகப் பனி படிந்து நின்றது; தபாற்காரர் அதைத் தட்டிவிட்டுப் போனார். செய்தி அறிந்த தமிழ்ச் சனங்கள் ஞாயிறுதோறும் வாழைப்பழச் சீப்போடு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வடையும் தேநீரும் உண்டு போனார்கள். சங்கமொன்று நூலுக்கு மண்டபம் எடுத்து விளக்கேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டுமென்று கூட்டம் போட்டது. தலைமை தாங்குவது யார் என்பதில் அந்தக் கூட்டம் இரண்டாகி, விழா நின்றுபோயிற்று. இதற்கிடையில் பிள்ளை ஒரு மத்தியான நித்திரையைத் தாயின் மடியில் கொண்டது; பிறகு இரவு நித்திரையையும் கொண்டது. ஒரு காலை, விழுந்து முழங்கால் தேய்ந்தபோது, பெரியம்மா இரு கையையும் நீட்டிக்கொண்டு நிற்க, அவளைக் கடந்து தாயிடம் ஓடியது. நீட்டிய கையால் சுகிர்தம் மேசையிலிருந்த தூசியைத் துடைத்தாள்.

திரும்பும் நாளில், விமானநிலையத்துக்கு வெளிக்கிடும்போது, ரூபி ஒரு கத்தரிக்கோலை எடுத்துவந்து தமக்கையின் கையில் வைத்தாள்.

"நீங்கள் கட்டினது. நீங்களே வெட்டி விடுங்கோ அக்கா. பிள்ளை இனி இஞ்சைதானே இருக்கப்போறா."

சுகிர்தம் கத்தரிக்கோலைப் பார்த்தாள். தையற்காரியின் விரல்கள் தம்மியல்பில் அதன் வளையங்களுக்குள் நுழைந்தன. நுழைந்தவை வெளியே வந்தன.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ பிள்ளை" என்றாள்.

அன்று புதன்கிழமை. சுவரில் கலண்டர் தொங்கியது. ரூபி அதைப் பார்த்தாள், தமக்கையைப் பார்த்தாள், கத்தரிக்கோலைத் திரும்ப வாங்கிக்கொண்டுபோய் லாச்சிக்குள் வைத்தாள்.

"ஓமக்கா, மறந்துபோனன்" என்றாள்.

அதன்பிறகு எத்தனையோ காலம் அந்த நூல் அப்படியே இருந்தது. பிள்ளை வளர வளர முடிச்சு தானாக இளகிக் கொடுத்தது. உடுப்பிட்டி ஒழுங்கையில் நூல் பழகிப்போயிற்று. அயலவர்கள் அதிலே சேலை காயப்போட்டார்கள், காகங்கள் இருந்தன, பாதை அகலிக்க வந்தவர்கள் ஒரு கம்பம் நட்டு அதை உயர்த்திவிட்டுத் தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். ஒவ்வொரு காலையும் கோழிகளுக்குத் தீன் போட்டபின் சுகிர்தம் சாமியறைக்குள் வந்து நூலை ஒரு சுண்டு சுண்டுவாள். சற்றுப் பொறுத்து அங்கிருந்து ஒரு சுண்டு வரும். சில நாள் ஒன்றுக்கு இரண்டாக வரும். அந்த நாள்களில் அவள் நல்ல துணிகளை வெட்டுவாள், தையல் நேராகப் போகும். பிறகு வருவதற்குச் சுணங்கிற்று. பிறகு சில நாள் வரவில்லை. பள்ளிக்கூடம், பிள்ளைக்கு ஓய்வில்லை என்று கனகமணிக்குச் சொல்லிக்கொண்டாள். தொலைபேசியில் பிள்ளை "ஹாய் பெரியம்மா" என்று முழுச்சொல்லாகச் சொல்லி, சொன்னவுடன் ஓடிவிடும். ஒருநாள் ரூபி, பேச்சின் கடைசியில், "பிள்ளையை நீந்தப் பழக விடப்போறம் அக்கா" என்றாள்; "தண்ணிக்குள்ளை அந்த நூல்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டாள். "நல்லது, பழகட்டும். தண்ணிக்குப் பயப்பிடக்கூடாது" என்றாள் சுகிர்தம்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை விடிகாலையில், ஒழுங்கை நெடுகக் காயப்போட்டிருந்த துணிகளெல்லாம் ஒரே நேரத்தில் நிலத்தில் விழுந்தன. சனங்கள் வெளியே வந்து, விழுந்த துணிகளைப் பொறுக்கி, மண்ணை உதறி, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுகிர்தத்தின் வீட்டுப் பக்கம் ஒருவரும் பார்க்கவில்லை. அன்று எவரும் அந்தத் துணிகளை மறுபடி காயப்போடவில்லை. ஈரமாகவே மடித்து வைத்தார்கள்.

சுகிர்தம் சாமியறை நிலத்தில் அமர்ந்து நூலைச் சுற்றத் தொடங்கினாள். வாரக்கணக்காகச் சுற்றினாள். ஒருவர் மாறி ஒருவராக அயற்பெண்கள் வந்து கட்டை பிடித்தார்கள். முதலில் வன்னிப் புழுதியோடு வந்தது. பிறகு கடலுப்புப் பூத்து வந்தது. பிறகு மணல் ஒட்டி வந்தது. கடைசியில் குளிர்ந்து விறைத்து வந்து, அவளுடைய மடியில் பனி உருகிச் சீலையை நனைத்தது. நனைந்த சீலையோடு அவள் அந்தக் கடைசி முழங்களைச் சுற்றினாள். நுனி வந்து சேர்ந்தது. இழுபட்டு அறுந்த பிசிறு அதிலே இல்லை. ஒரே வெட்டில் நேராக, சுத்தமாக வெட்டியிருந்தது.

பக்கத்திலிருந்த கனகமணி மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நுனியைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது அவள் வாயில் வந்துவிட்டது.

"பாத்தியே, வெள்ளிக்கிழமையிலை வெட்டியிருக்குதுகள். ஒரு வெள்ளி, செவ்வாய் தெரியாதே அதுகளுக்கு? நீ வளர்த்த பிள்ளைதானே?"

சுகிர்தம் நுனியை விரல்களுக்கிடையே உருட்டிக் கூராக்கினாள், ஊசியில் கோக்கப் போகிறவள்போல. பிறகு அதைக் கட்டையின் விளிம்பிலிருந்த வெட்டுக்குள் செருகி, எழுந்து, கட்டையை ஆணியில் கொழுவினாள்.

"இல்லையக்கா" என்றாள். "இஞ்சைதான் வெள்ளி. அங்கை அப்ப வியாழக்கிழமை பின்னேரம். பிள்ளை பாத்துத்தான் வெட்டியிருக்கிறாள்."